சுப்பிரமணியனுக்கு இடமிருக்கிறதா? எட்டுச் செயலிகளின் பயனர்பெயர் வசதி, மொரிஷியஸ் தமிழர் தேவைக்கு

தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் முன்பே கோவில் இளைஞர் குழுக்கள் வாட்ஸ்அப்பில் முளைத்துவிடும். முந்நூறு பேர் உள்ள குழுவில் பால்குடம் எடுக்கப் பெயர் கொடுக்க வரும் பெண்ணின் கைபேசி எண், அந்த நொடியே முந்நூறு பேர் கைக்கும் போய்விடுகிறது. விழா முடிந்த பிறகும் அந்த எண் அங்கேயே கிடக்கும். எண்ணைத் தராமல் பெயரை மட்டும் தந்து பேச முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை. பயனர்பெயர் அதற்குத்தான். ஆனால் நம் வீட்டுப் பெயர்களின் நீளம், அவற்றை எழுதும் விதம், நம் பிள்ளைகளின் பேச்சில் மாறிக்கொண்டே இருக்கும் சொற்கள் ஆகிய மூன்றையும் ஒரு செயலி தாங்குமா என்பது வேறு கேள்வி. யூடியூப், இன்ஸ்டாகிராம், டிக்டாக், எக்ஸ், ரெடிட், டிஸ்கார்ட், டெலிகிராம், சிக்னல் என எட்டையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே எடை போடுகிறோம். எட்டிலும் பயனர்பெயர் எடுக்கக் கட்டணம் இல்லை.

முதலில் ஒரு வேறுபாடு. ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஹேண்டில், அதாவது பயனர்பெயர்: உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே உரியது, தேடவும் அழைக்கவும் பயன்படுவது. மற்றொன்று காட்சிப் பெயர்: திரையில் தெரிவது, யார் வேண்டுமானாலும் அதே பெயரை வைத்துக்கொள்ளலாம், தமிழெழுத்திலும் எழுதலாம். இளையவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. நிலைத்து நிற்க வேண்டியதை மாறும் இடத்திலும், மாற வேண்டியதை நிலைத்த இடத்திலும் எழுதிவிடுகிறார்கள்.

நம் குடும்பப் பெயர்கள் ஒருவிதத்தில் இருநூறு ஆண்டுப் பழைய ஹேண்டில்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பதிந்தார். அதுவே பேரப் பிள்ளைகளின் அடையாள அட்டைவரை வந்து சேர்ந்தது. தீவு 1810-இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தாலும் பேச்சு பிரெஞ்சாகவே இருந்ததால் எழுத்துமுறையும் இரண்டுங்கெட்டானாக அமைந்தது. உகரம் வந்த இடமெல்லாம் ஆங்கிலப் பாணியில் இரட்டை 'ஓ' போட்டார்கள். குப்புசாமிக்கு நான்கு 'ஓ'. '-அன்' என்ற முடிவு '-என்' ஆனது. கோவிந்தனும் சுப்பிரமணியனும் கோவிந்தென், சுப்ரமணியென் ஆனார்கள். ஆறுமுகத்தின் '-அம்' யூ-எம் ஆயிற்று. 2018-இல் நாட்டின் தற்காலிகக் குடியரசுத் தலைவரான பார்லென் வ்யாபூரியின் பெயரைச் சொல்லிப் பார்த்தால் உள்ளே வையாபுரி கேட்கும். பக்கத்துத் தீவான ரெயூனியனில் ஆட்சியும் பிரெஞ்சு என்பதால் அதே உகரம் ஓ-யூ என்று எழுதப்படுகிறது. முத்து என்ற பெயரை மொரிஷியசுக்குள்ளேயே இரண்டு விதமாகவும் எழுதும் குடும்பங்கள் உண்டு.

இதனால் வரும் நடைமுறைச் சிக்கல் தேடலில்தான். ரெயூனியனிலிருந்து தேடும் சித்தப்பா மகன் ஓ-யூ என்று தட்டுவான். உங்கள் ஹேண்டிலில் இருப்பது இரட்டை ஓ. இரண்டும் ஒரே பெயர் என்று எந்தச் செயலிக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராமில் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: அதன் தேடல் ஹேண்டிலோடு காட்சிப் பெயரையும் பார்க்கிறது. ஹேண்டிலில் அடையாள அட்டையில் உள்ள எழுத்தையும், காட்சிப் பெயரில் மற்ற எழுத்துமுறையையும் வைத்தால் இரண்டு தீவாரும் கண்டுபிடிப்பார்கள்.

இரட்டை ஓவுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 'ஓ' எழுத்தின் இடத்தில் பூஜ்யத்தைப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. இந்த எட்டுச் செயலிகளுமே ஹேண்டிலில் எண்களை அனுமதிக்கின்றன. நான்கு ஓ உள்ள குப்புசாமி குடும்பத்துப் பெயரில், பூஜ்யத்தை மட்டும் மாற்றி மாற்றி வைத்தே 15 போலிப் பெயர்கள் உருவாக்கலாம். நன்கொடை கேட்டுக் கோவில் தலைவர் பெயரில் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓக்களைத்தான். ஹேண்டிலை நகலெடுத்து ஒரு குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டி, எழுத்துருவைப் பெரிதாக்கினால் பூஜ்யம் ஒடுங்கித் தெரியும். இன்ஸ்டாகிராமில் புள்ளியும் கணக்கில் வரும்: இடையில் புள்ளி வைத்த பெயரும் வைக்காத பெயரும் வேறு வேறு ஆட்கள். ஜிமெயிலில் அப்படியில்லை, புள்ளியை அது கண்டுகொள்வதே இல்லை. ஜிமெயில் பழக்கத்தில் "புள்ளிதானே" என்று விடுபவர்கள் இன்ஸ்டாகிராமில் ஏமாறுகிறார்கள்.

நீளத்தில் தோற்பது எக்ஸ். 15 எழுத்துதான் எல்லை. நம் ஊர் எழுத்துமுறையில் சுப்பிரமணியனுக்கே 12 எழுத்து போய்விடும். முன்னால் தார்மென் என்று ஆறு எழுத்துப் பெயரைச் சேர்த்தால் 18. ஆகவே பெயரை வெட்ட வேண்டும். வெட்டினால் அது வேறு குடும்பத்தின் பெயராகிவிடும். காட்சிப் பெயருக்கு 50 எழுத்து தருவது ஆறுதல். டிக்டாக் 24, இன்ஸ்டாகிராம் 30, டிஸ்கார்டும் டெலிகிராமும் 32. இவை எல்லாவற்றிலும் முழுப்பெயர் உட்காரும். ரெடிட்டில் 20.

பெயர் ஏற்கெனவே போய்விட்டது என்று செயலி சொன்னதும் பிள்ளைகள் பின்னால் ஒட்டுவது இரண்டில் ஒன்று: பிறந்த ஆண்டு, அல்லது நாட்டின் தொலைபேசிக் குறியீடான 230. பிறந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். சிறிய நாடு இது. குடும்பப் பெயர், வயது, ரோஸ் ஹில் அல்லது திரியோலே என்று ஓர் ஊர், இந்த மூன்றும் சேர்ந்தால் வீட்டு வாசல்வரை வந்துவிடலாம். 230 ஆபத்தில்லாதது, ஆனால் அதை எல்லோரும் ஒட்டுகிறார்கள் என்பதால் சீக்கிரம் தீர்ந்துபோகும். இதைவிட நல்ல எண் பல குடும்பங்களிடம் இருக்கிறது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில், வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் தனி எண் பதிவாகியிருக்கிறது. பூட்டனின் எண்ணைப் பெயருக்குப் பின் வைத்தால் வேறு யாரும் அதை எடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, உங்கள் வயதையும் அது காட்டிக்கொடுக்காது. மொரிஷியஸ் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான எண் இல்லை என்றே நினைக்கிறோம்.

இனி இளைஞர் பேச்சு. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'மாரி' என்றால் 'செம', 'ரொம்ப'. 'மாரி போன்' என்றால் செமையாக இருக்கிறது. தமிழில் மாரி அம்மனின் பெயர், மழையும்கூட. பிரெஞ்சில் அதே எழுத்துக் கணவனைக் குறிக்கும். மாரியம்மன் கோவில் இளைஞர்கள் 'மாரி' என்று தொடங்கும் ஹேண்டில் வைத்தால், தெரியாதவர் எந்த மொழியில் படிப்பார் என்று சொல்ல முடியாது. தெய்வப் பெயர் என்றால் 'அம்மன்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'நிசா' கிரியோலில் கும்மாளம். அதையும் பெண்ணின் பெயராகப் படிப்பவர்கள் உண்டு. 'அயோ' மட்டும் எந்தக் குழப்பமும் தராது. நம் 'ஐயோ'தான் அது, தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாதவரும் இங்கே நாள்தோறும் சொல்வது.

எழுத்துமுறையும் வயதைக் காட்டும். கிரியோலுக்கு ஒருமித்த எழுத்துமுறை 2004-இல் முன்வைக்கப்பட்டு, 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் பாடமாக வந்தது. அப்படிப் படித்த பிள்ளைகள் 'கோரெக்', 'கோந்தான்' போன்ற சொற்களுக்குக் 'கே' போடுகிறார்கள். மூத்தவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பழக்கத்தில் 'சி'. கைபேசியில் பிரெஞ்சு விசைப்பலகை மட்டும் இருந்தால் தானியங்கித் திருத்தம் இந்தச் சொற்களைப் பிரெஞ்சாக்கிவிடும். ஹேண்டில் பதியும் பெட்டியில் அது நடந்தால் பதிந்த பிறகே கண்ணில் படும். பதியும் முன் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.

சினிமாவிலிருந்து வரும் சொல்லுக்கு ஆயுள் இன்னும் குறைவு. 'தல' என்பதைப் பாருங்கள். அஜித்குமாரைக் குறித்த சொல்லாக எத்தனையோ ஹேண்டில்களில் ஏறியது. 2021 டிசம்பரில் அவரே தம்மை அப்படி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இன்று இளையவர் காதில் அது முதலில் தோனியை, அவருடைய 7-ஆம் எண்ணை நினைவூட்டுகிறது. ஹேண்டிலில் ஓரெழுத்தும் மாறவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார். 'வேற லெவல்', 'கெத்து', 'மாஸ்' எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நிலைத்த சொல் வேண்டுமானால் சமையலறைக்குப் போங்கள். முருங்கைக்கீரையைப் 'பிரேத் முரூம்' என்றும், பீர்க்கங்காயைப் 'பிபாங்காய்' என்றும், கொத்தமல்லியைக் 'கொத்தோமிலி' என்றும் தீவு முழுவதும் சொல்கிறது. தமிழர் கொண்டுவந்த இந்தச் சொற்கள் தலைமுறைகளாக மாறவில்லை. ஹேண்டிலுக்கு இவை அழகாகவும் இருக்கும்.

சொல் பழசாகிப்போனால் மாற்ற முடியுமா என்பதில்தான் செயலிகள் பிரிகின்றன. ரெடிட்டில் நீங்களாகத் தேர்ந்தெடுத்த பெயரை மாற்றவே முடியாது. பதினைந்து வயதில் வைத்த விளையாட்டுப் பெயரோடு முப்பது வயதிலும் நிற்க வேண்டும், அல்லது புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். பேச்சு வழக்குச் சொல்லை அங்கே வைக்கவே கூடாது. டிக்டாக்கில் 30 நாளுக்கு ஒருமுறை. யூடியூபில் 14 நாளுக்குள் இரண்டு முறை. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் விட்ட பெயரை 14 நாள்வரை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் அதுவும் பெரும்பாலும்தான், எப்போதும் என்று உறுதி இல்லை. பழைய ஹேண்டிலைக் கோவில் அழைப்பிதழில் அச்சடித்திருந்தால், அந்த 14 நாளைக் கடந்ததும் அந்தப் பெயரை யாரோ ஒருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை மறக்கக் கூடாது.

தமிழெழுத்திலேயே ஹேண்டில் வைக்க யூடியூப் இடம் தருகிறது. ஹேண்டில் முறையை அது 2022 அக்டோபரில் கொண்டுவந்தது. நீளம் 3 முதல் 30. நம் சமூகத்துக்கு எழுத்தின் இடம் சின்ன விஷயம் இல்லை. 1998-இல் பணநோட்டில் தமிழ் வரியின் இடத்தை மாற்றி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அதனால் கோவில் அலைவரிசைக்குத் தமிழ் ஹேண்டில் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் மூன்று இடத்தில் உதைக்கும்.

ஒன்று, இணைப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது தமிழ் காணாமற்போய் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக வரும். ஒரு தமிழ்க் குறியீடு அங்கே 9 எழுத்தாகிறது. 'கோவில்' என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி ஆறு குறியீடுகள், ஆகவே 54 எழுத்து. பார்ப்பவர் அதை மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடாமல் விடுவார். இரண்டு, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகள். கோவில் பெயர்கள் பெரும்பாலும் 'ஸ்ரீ' என்று தொடங்குகின்றன. இந்த 'ஸ்ரீ'யைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தை வைத்து, அல்லது 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தை வைத்து. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். செயலிக்கு அவை வேறு வேறு. 'ஔ'வை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவது, ககரத்தின் இடத்தில் தமிழ் எண் ஒன்றான '௧' வந்து உட்கார்வது, இவையும் அப்படியே. மூன்றாவதுதான் பெரியது: இங்குள்ள பிள்ளைகள் பலரின் கைபேசியில் தமிழ் விசைப்பலகையே இல்லை. தட்ட முடியாத ஹேண்டிலைத் தேட முடியாது.

விசைப்பலகையைச் சேர்ப்பது எளிதுதான். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் அமைப்புகளில் மொழிகளுக்குள் போய், விசைப்பலகையைச் சேர் என்பதைத் தொட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நேரடித் தமிழ் அமைப்பும், ஒலிபெயர்ப்பு அமைப்பும் வரும். ஒலிபெயர்ப்பில் நம் ஊர் எழுத்தை அப்படியே தட்டக் கூடாது. இரட்டை ஓ போட்டால் நெடிலாக நீண்டு 'கூப்பூசாமி' வந்து நிற்கும். ஒற்றை யூ போட்டுத் தட்டினால் குப்புசாமி சரியாக வருவார். கோவில் அலைவரிசைக்கு எங்கள் பரிந்துரை: அலைவரிசைப் பெயர் தமிழில், ஹேண்டில் இலத்தீனில். தமிழ் ஹேண்டில்தான் என்று முடிவெடுத்தால், அச்சுக்கு அதைக் கொடுக்காமல் யூ-சி என்று தொடங்கும் 24 எழுத்து அலைவரிசை அடையாளத்தின் இணைப்பைக் கொடுங்கள். ஹேண்டில் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது.

இளைஞர் அரட்டைக்கு முதலிடம் டிஸ்கார்டுக்கு. 2023 வரை அங்கே பெயருக்குப் பின்னால் நான்கு இலக்க எண் ஒட்டியிருந்தது. ஒரே பெயரை 9,999 பேர் வரை வைத்துக்கொள்ள முடிந்தது, தமிழெழுத்திலும் வைக்க முடிந்தது. அந்த ஆண்டு அதை எடுத்துவிட்டு, சிறிய இலத்தீன் எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டும் கொண்ட தனித்த ஹேண்டிலுக்கு மாறினார்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளி கூடாது. எல்லோருக்கும் இடம் தந்த பழைய முறை போனது இழப்புத்தான். தமிழில் பெயர் வைத்திருந்தவர்கள் இலத்தீனுக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆனாலும் மற்றவற்றில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: ஒவ்வொரு சர்வருக்கும், அதாவது ஒவ்வொரு குழுவின் அரட்டை அரங்குக்கும், தனிப் பட்டப்பெயர். கோவில் சர்வரில் தமிழில் முழுப்பெயர், விளையாட்டுச் சர்வரில் 'அயோ' கலந்த பெயர், வகுப்புத் தோழர்களிடம் கிரியோலில் ஒன்று. அம்மா கூப்பிடும் பெயரும் நண்பன் கூப்பிடும் பெயரும் வேறாக இருப்பதுபோலவே. பேச்சு வழக்கு மாறும்போது பட்டப்பெயரை மட்டும் மாற்றினால் போதும், ஹேண்டில் அசையாது. ஐந்துக்கு நாலரை.

டெலிகிராமில் ஹேண்டில் விருப்பம் மட்டுமே. 5 முதல் 32 எழுத்து, எழுத்தில்தான் தொடங்க வேண்டும், புள்ளி கிடையாது. அதைவிடக் குட்டையான பெயர்கள் 2022-இல் தொடங்கிய ஃபிராக்மென்ட் என்ற ஏலத் தளத்தில் பணத்துக்கு விற்கப்படுகின்றன. சின்னப் பெயருக்காக அங்கே காசைக் கொட்ட வேண்டியதில்லை. பலர் தவறுவது வேறிடத்தில். ஹேண்டில் வைத்ததாலேயே கைபேசி எண் மறைந்துவிடாது. அமைப்புகளில் தனியுரிமைக்குள் போய், தொலைபேசி எண்ணை யார் பார்க்கலாம் என்பதை 'யாருமில்லை' என்று மாற்ற வேண்டும். அதன்கீழ் எண்ணை வைத்து யார் தேடலாம் என்பதையும் 'என் தொடர்புகள்' ஆக்க வேண்டும். இரண்டாவதை விட்டால் உங்கள் எண்ணைத் தட்டுபவருக்கு உங்கள் கணக்கு தெரிந்துவிடும். குழுவில் 2,00,000 பேர்வரை சேரலாம் என்பதால் பெரிய அறிவிப்புகளுக்கு இதுதான் வசதி. ஐந்துக்கு நாலு.

பால்குடப் பட்டியலுக்கும் பெண் தொண்டர் குழுவுக்கும் சிக்னல்தான் எங்கள் தேர்வு. 2024 பிப்ரவரியில்தான் அங்கே பயனர்பெயர் வந்தது. பதிவுசெய்யக் கைபேசி எண் வேண்டும். ஆனால் உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைக்காதவருக்கு அது தெரியாது, இது தொடக்கத்திலேயே அமைந்திருக்கும். பெயருக்குப் பின்னால் குறைந்தது இரண்டு இலக்கம் கட்டாயம் என்பதால் குடும்பப் பெயர் அவ்வளவு எளிதில் தீராது, பூட்டன் எண்ணுக்கும் இடம் கிடைக்கிறது. உங்கள் ஹேண்டில் மற்றவர் திரையில் தெரிவதும் இல்லை. அவர்கள் பார்ப்பது சுயவிவரப் பெயரை, அதைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். குழுவுக்கு எல்லை 1,000 பேர். ஒரு கோவிலுக்கு அது போதும். அக்காவும் சித்தியும் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் இருக்கும்போது இன்னொரு செயலியை நிறுவச் சொல்ல வேண்டியிருப்பதே இதன் குறை. அதற்காக அரை மதிப்பெண் குறைத்து, இதற்கும் நாலரை.

பதியும் வரிசையையும் சொல்லிவிடுகிறோம். ஒரே ஹேண்டிலை எட்டிலும் வைக்க விரும்பினால் விதி இறுக்கமான இடத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் எக்ஸின் 15 எழுத்துக்குள் அடங்குகிறதா, பிறகு டெலிகிராமுக்காகப் புள்ளியில்லாமல் அடிக்கோட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கிடைத்துவிட்டால் அதே வடிவத்தை மற்றவையும் ஏற்கும், சிக்னலில் மட்டும் பின்னால் இலக்கமும் சேரும். யூடியூபிலிருந்து தொடங்கிப் புள்ளி வைத்துப் பதிந்தவர்கள் எக்ஸுக்கு வரும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சிக்னலில் பெயரைத் தட்டச் சொல்வதற்குப் பதில் அதன் கியூஆர் குறியீட்டை அச்சடித்துக் கோவில் மண்டபத்தில் ஒட்டலாம். குறியீடு இருக்கும் அதே திரையில் 'மீட்டமை' என்ற பொத்தானும் இருக்கிறது. தொல்லை தரும் ஆள் யாராவது அதை வைத்துத் தொடர்புகொண்டால் அழுத்துவதற்கு. அழுத்திய நொடியில் பழைய குறியீடும் இணைப்பும் செத்துவிடும், திரும்ப வராது. ஆகவே கொடியேற்றத்தன்று சுவரில் ஒட்டிய குறியீட்டுக்கு உரியவர், காவடி நாள் முடியும்வரை அந்தப் பொத்தான் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். போக வேண்டி வந்தால், புதிய தாளை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தட்டும்.